தாழைத்தீவில் மேசை வளர்ந்த கதை

ஒரு நாட்டுக்கு இரண்டு அதிபர் என்று ஆன அந்த வருஷம் தாழைத்தீவில் மழை பெய்ய வேண்டிய நாளில் பெய்தது, சூரை மீன் வர வேண்டிய நாளில் வந்தது, பிள்ளைகள் பிறக்க வேண்டிய நாளில் பிறந்தார்கள். மேசை மட்டும்தான் வளர்ந்தது.

இரண்டு அதிபர் எப்படி வந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கிழக்குக் கரைக்காரர் வீரவாகு ஏற்கெனவே அதிபராக இருந்தவர், அவரைப் பெரியவர் என்போம். மேற்குக் கரைக்காரர் ஞானசெல்வம் பல் டாக்டர், பாதித் தீவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர், அந்த நன்றியிலோ வலியிலோ ஜனம் அவருக்கும் ஓட்டை அள்ளிப் போட்டது. திரும்பத் திரும்ப எண்ணியும் இரண்டு பேரும் சரிக்குச் சரியாக நின்றார்கள். குருவித்திட்டு என்கிற குட்டித் தீவிலிருந்து ஒரே ஒரு பெட்டி வர வேண்டியிருந்தது. அதைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தவன் கூத்தையன். துறையில் இறக்கினான், பெட்டியைத் திறந்தார்கள், திறந்ததும் ஒரு பக்கம் 'பெட்டி மாறிப்போச்சு' என்றது, மறு பக்கம் 'மாத்தினதே நீங்கதான' என்றது. மறுநாள் காலை பெரியவர் கோட்டை மைதானத்திலும் டாக்டர் ஆஸ்பத்திரி மைதானத்திலும் ஒரே நேரத்தில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். தீவில் இருந்ததே ஒரு பாண்டு வாத்தியக் குழுதான். அது இரண்டாகப் பிரிந்து, அங்கே கொம்பும் இங்கே மேளமுமாக, தேசிய கீதத்தைப் பாதிப் பாதியாக வாசித்தது.

அந்தப் பெட்டியோடு கடல்வழி நெடுகக் கூடவே இருந்தவன் கூத்தையன் ஒருத்தன்தான். மாறியதா இல்லையா என்று அவனுக்குத்தான் தெரியும். 'ஒரு வார்த்தை கேக்கணும், வாரும்' என்று துறையிலேயே வைத்து ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிழக்கத்தியார் அது டாக்டர் ஆட்களின் ஜீப் என்றார்கள், மேற்கத்தியார் அது பெரியவர் ஆட்களின் ஜீப் என்றார்கள். ஜீப்பெல்லாம் சேறு அப்பிக் கிடந்தது, என்ன நிறம் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. அவன் பெண்டாட்டி பாக்கியத்தாய் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

சண்டை முற்றியது. கடைக்குக் கடை பூட்டு விழுந்தது. அதிபர் பெயர் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாமல் வாத்தியார்கள் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போனார்கள். அப்போதுதான் எங்களைச் சுற்றியிருக்கிற ஐந்து கடல்நாடுகளும் கூடிப் பேசி, பக்கத்து வீட்டுத் தீ தன் கூரைக்கு வருமே என்கிற கவலையில், ஆளுக்கு ஒரு தூதரை அனுப்பி வைத்தன.

பழைய சுங்க மண்டபத்தில் பலாமர மேசை ஒன்று கிடந்தது. அதன் ஒரு முனையில் பெரியவர், மறு முனையில் டாக்டர், நடுவில் ஐந்து தூதர்கள். முதல் நாளே பெரியவர், "இவரு மூச்சு என் மேல படுது, தள்ளி உக்காரச் சொல்லுங்க" என்றார். "முடியாது. இது அதிபர் நாற்காலி, போட்ட இடத்துல கிடக்கும்" என்றார் டாக்டர். அப்போது மேசையிலிருந்து யாரோ விரலில் நெட்டி முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் டம்ளர்கள் ஒன்றைவிட்டு ஒன்று மெல்ல நகர்ந்தன. பெரியவர் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "இப்பப் படலை" என்றார். கூட்டம் தொடர்ந்து நடந்தது.

அதற்குப் பிறகு யார் 'முடியாது' என்று சொன்னாலும் மேசை நெட்டி முறித்தது. மண்டபச் சுவரில் போய் முட்டியபோது சங்கரலிங்க ஆசாரியைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் பலகையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், காதைப் பென்சில் முனையால் குடைந்துகொண்டார்.

"பச்சை மரமில்ல, நல்லாக் காஞ்ச மரந்தான். காஞ்சது வளந்தா அதுக்கு நான் என்னய்யா செய்ய?"

"அறுத்துரலாமா ஆசாரி?"

"அறுத்தா ரெண்டு மேசையாயிரும். ஏற்கெனவே எல்லாம் ரெண்டு ரெண்டாத்தான கிடக்கு, அதுல இது வேறயா?"

ஆகவே சுவரை இடித்தார்கள், கூரையும் கூடவே போனது. மேசை கிழக்கே மீன் சந்தை வழியாக, அந்தோணியார் கோயில் முற்றத்தை ஒட்டி, உப்பளத்துக்கு மேலாக, பெரியவரின் தென்னந்தோப்பு வரைக்கும் போனது. மேற்கே பஸ் நிலையத்தைக் கடந்து, கருவாட்டுத் தெரு வழியாக, சவுக்குத் தோப்புக்குள் நுழைந்து, டாக்டரின் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனது. போகிற இடமெல்லாம் அதுவே கால் முளைத்து ஊன்றிக்கொண்டது, ஆனால் சும்மா சொல்லக் கூடாது, மரியாதை தெரிந்த மேசை, யார் வீட்டுக் கோலத்தின் மேலும் கால் வைக்கவில்லை, தொட்டில் கட்டிய இடத்தில் தள்ளி ஊன்றியது, பிள்ளையார் கோயில் வாசல் வந்தபோது முதுகை வளைத்து ஒதுங்கிப் போனது.

ஜனங்கள் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று கேட்டால், முதல் இரண்டு வாரம் நினைத்தார்கள், பிறகு அதன் மேல் கருவாடு காயப்போட்டார்கள். நாய் எட்டாத உயரத்தில், மணல் ஒட்டாமல், இப்படி ஒரு காயப்போடும் களம் யாருக்குக் கிடைக்கும்? மேலே கருவாடும் மிளகாயும், கீழே நிழலும் என்று ஆனது. சவரக்கடை ஒன்று கீழே வந்தது, பிறகு தையல் மிஷின் வந்தது, நடு மேசைக்கடியில் என் சுக்குக் காப்பி அடுப்பும் வந்தது. வடக்கேயிருந்து வந்த பஸ் மேசைக்கு இந்தப் பக்கமே நிற்கும், கண்டக்டர் "மேசையெல்லாம் இறங்கு!" என்று கத்துவார், ஆட்கள் குனிந்து அந்தப் பக்கம் போய், காத்திருக்கிற அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்வார்கள். கருவாட்டுத் தெருப் பிச்சம்மா வீட்டில் மேசை நேராக அடுக்களைக்குள் புகுந்து போனதால் மாமியாருக்கு வடபாதி, மருமகளுக்குத் தென்பாதி என்று தானாகப் பாகம் பிரிந்து, தீவிலேயே அந்த ஒரு வீட்டில் மட்டும் சண்டை நின்றது.

இரண்டு தலைவர்களும் முனையை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். ஆளுக்கொரு கொட்டகை போட்டுக்கொண்டு, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத தூரத்தில், ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவருக்குக் கொண்டுபோக, தபால்காரர் முத்துவீரன் மேசை மேலேயே சைக்கிள் ஓட்டினார், கருவாட்டை ஒதுக்கச் சொல்லி மணியடித்துக்கொண்டே. கேள்வி ஒரு முனையில் கொதிக்கக் கொதிக்கக் கிளம்பும், பதில் ஆறிப்போய் வந்து சேரும். ஆறிய பதிலைக் கேட்டவருக்கு தான் என்ன கேட்டோம் என்பது மறந்துபோயிருக்கும், மறந்ததை மறைக்க "முடியாது" என்பார், மேசை நெட்டி முறிக்கும்.

அவ்வளவு நீளமான மேசையில் எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனால் கிழக்கத்தியாரோடு மேற்கத்தியார் உட்கார மாட்டார்கள், அண்ணன் தம்பியோடு உட்கார மாட்டான். அவரவர் தங்கள் முனைப் பக்கம் பார்த்து, ஆளுக்கு நாலு நாற்காலி இடைவெளி விட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் உப்பள மேட்டிலிருந்து பார்த்தால், ரயில் போய்விட்ட ஸ்டேஷன் மாதிரி இருக்கும் என் தீவு.

தூதர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒருவர் மகள் கல்யாணம் என்று போனார். ஒருவர் நாட்டிலேயே தேர்தல் வந்துவிட்டது. ஒருவரை அனுப்பிய அரசாங்கம் கவிழ்ந்து, அவர் யாருக்குத் தூதர் என்று அவருக்கே தெரியாமல் போய், சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். இன்னொருவருக்கு எங்கள் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. மிஞ்சியவர் வடக்குத் தீவிலிருந்து வந்த உதுமான் நெய்னா. நரைத்த தாடி, சலவைச் சட்டை, புத்தகத்தில் இருக்கிற மாதிரி தமிழ். வீட்டுக்காரி காலமாகிவிட்டாள், மகன் பனி பெய்கிற ஊரில் இருந்தான். நாலு காலி நாற்காலிகளுக்கு நடுவே, கூரை போன மண்டபத்தில், கிழக்கே பார்த்தும் மேற்கே பார்த்தும் அவர் உட்கார்ந்திருப்பார். ஊருக்குப் போன் போட்டு, "நான் திரும்பி வரலாமா?" என்று கேட்பார். "இன்னும் கொஞ்சம் உட்காருங்கள்" என்பார்கள். அவர் பேசுவது எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்கும். பேசி முடித்தபிறகும் போனைக் காதிலேயே வைத்திருப்பார்.

அவரிடம் பேச ஒரு நாள் தவறாமல் வந்த ஆள் பாக்கியத்தாய் ஒருத்திதான். மத்தியானம் கஞ்சித் தூக்கோடு வருவாள், வெறுங்கையோடு வந்து கேள்வி கேட்பது அழகில்லை என்பது அவள் எண்ணம்.

"கேட்டியளா ஐயா?"

"கேட்டேன் தாயே."

"என்ன சொன்னாக?"

"விசாரிக்கிறார்களாம்."

"ரெண்டு பக்கமுமா?"

"இரண்டு பக்கமும்."

"சரி. கஞ்சி ஆறுது, குடிங்க. தொவையல்ல உப்பு கொஞ்சம் தூக்கல்."

அவ்வளவுதான் பேச்சு. அவர் குடித்து முடிக்கிறவரை எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், தூக்கைக் கழுவிக்கொண்டு போய்விடுவாள். அடுத்த நாளும் இதேதான். நெய்னா ஐயா முனைக்கு முனை அனுப்பிய சேதியில் எந்த நிபந்தனை மாறினாலும், கூத்தையன் எங்கே என்கிற கேள்வி மட்டும் ஒருநாளும் விட்டுப்போனதில்லை. முத்துவீரனுக்கு அது மனப்பாடம். பதிலும் மனப்பாடம்.

மஞ்சளும் குங்குமமும் அவள் விடவில்லை. விடச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை, வைத்துக்கொள் என்று சொல்லவும் தைரியம் இல்லை. ஒருநாள் பஸ் நிலையத்துக்குக் கிட்டே மேசைக்கடியில் பந்தல் போட்டு ஒரு கல்யாணம். பெண்ணுக்கு நலங்கு வைக்கச் சுமங்கலிகள் ஐந்து பேர் வேண்டும், நாலு பேர்தான் இருந்தார்கள். பெண்ணின் தாய் சொர்ணத்தாய் சுற்றிப் பார்த்தாள், பாக்கியத்தாயைக் கண்டதும் "மைனி..." என்று கூப்பிட்டுவிட்டாள், கூப்பிட்ட வாய் அப்படியே நின்றது. சந்தனக் கிண்ணம் கையில் இருந்தது, நீட்டவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

"தப்பா நினைக்காதீக மைனி. எனக்கு என்ன செய்யன்னு தெரியல."

"என்னை எனக்கே தெரியல. நீ என்னத்தத் தெரிஞ்சுக்கிடப் போற?" என்றாள் பாக்கியத்தாய். "அந்தக் காப்பிக்காரியைக் கூப்பிடு. அவ புருஷன் வாசல்லதான் குறட்டை விட்டுட்டுக் கிடக்கான்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டு எழுந்து போனேன். நலங்கு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கையில் அவள் பந்தலில் இல்லை. அதன்பிறகு அவளாகவே விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். சாவு வீடுகளுக்கும் போவதில்லை. இரண்டிலும் அவளை எங்கே உட்காரவைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை.

இப்படியே போய், கடைசியில் தலைவர்களுக்கே அலுத்துவிட்டது. முனையில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு கத்தினாலும் தன் ஆட்களுக்குத்தானே கேட்கிறது, அவர்கள்தான் ஏற்கெனவே கேட்டுவிட்டார்களே. அந்த ஐந்து கடல்நாடுகளும் இனி கப்பல் அனுப்ப மாட்டோம் என்று பயம் காட்டின. பெரியவர் அதிபராக இருப்பார், டாக்டர் பிரதமராக இருப்பார், குருவித்திட்டுப் பெட்டியைப் பற்றி இனி யாரும் பேசுவதில்லை என்று முடிவானது. நெய்னா ஐயா அதைப் பாக்கியத்தாய்க்கு வாசித்துக் காட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் குரல் தாழ்ந்தது.

"'காணாமற்போனோர் குறித்து விசாரிக்கப்படும்.'"

"எழுத்துலயும் அதேதானா ஐயா?" என்றாள் அவள். "நான் வாயிலதான் அப்படிச் சொல்லுதாகன்னு நினைச்சேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்குக் கஞ்சி ஆறித்தான் போனது.

எங்கள் தீவில் ஒரு வழக்கம். வரப்புச் சண்டையோ வலைச் சண்டையோ, தீர்ந்தது என்றால் இரண்டு கட்சியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கையெழுத்தெல்லாம் பிறகு. சண்டையில் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் இலை விழ வேண்டும், ஊரில் இல்லாதவனுக்கும் விழ வேண்டும். கடைசி ஆள் உண்டு முடித்து இலையை மடிக்கிறவரை ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் சண்டை திரும்பவும் உயிர் பிடித்துவிடும். இந்தச் சண்டையில் சம்பந்தப்படாதவர் யார்? ஆகவே தென்னந்தோப்பிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் மேசையைக் கழுவித் துடைத்து, தீவின் வாழைத்தோட்டங்களை எல்லாம் மொட்டையடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இலை போட்டார்கள். வீட்டுக்கு வீடு உலை வைத்தார்கள். அண்ணன்மாரும் தம்பிமாரும் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், பேச்சு வராமல் உப்பு, ஊறுகாயை ஒருவருக்கொருவர் நகர்த்தி வைத்துக்கொண்டார்கள்.

நடுவில், நெய்னா ஐயாவுக்கு எதிரே, பாக்கியத்தாய் கூத்தையனுக்கு ஒரு தலைவாழை இலை போட்டாள். தானே தண்ணீர் தெளித்தாள், தானே பரிமாறினாள், சோறு, பருப்பு, வாழைக்காய்ப் புட்டு, அவனுக்குப் பிடித்த மாங்காய்ப் பச்சடி. யாரும் தடுக்கவில்லை. அவள் உட்காராமல் இலைக்குப் பின்னால் விசிறியோடு நின்றாள்.

சாப்பாடு முடிந்தது. மோரும் ஆயிற்று. அந்தச் சமயத்தில் கிழக்கே இருந்து ஒரு சேதி, இலைக்கு இலை, வாய்க்கு வாய், தாழ்ந்த குரலில் வந்துகொண்டிருந்தது. அது கடந்து வந்த இடமெல்லாம் பேச்சு அடங்கியது. உப்பளத்துக்காரர்கள் அடங்கினார்கள், மீன் சந்தை அடங்கியது, கடைசியில் என் பக்கத்தில் இருந்தவன் என் காதில் சொன்னான்.

"பெரியவரு இலையை அந்தாலயாக்கும் மடிச்சிருக்காரு."

"அந்தப் பக்கமாவா?"

"ஆமா. மடிச்சிட்டு, சுத்திப் பாத்துட்டு, திருப்பி மடிக்கப் போனாராம். அதுக்குள்ள பக்கத்துல இருந்த பொம்பளைக பாத்துட்டாளுக."

நெய்னா ஐயா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்ன ஆயிற்று? இலையை எப்படி மடித்தால் என்ன?" என்று கேட்டார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அப்போது மேற்கேயிருந்தும் ஒரு சேதி வந்துகொண்டிருந்தது. சவுக்குத் தோப்பு அடங்கியது, கருவாட்டுத் தெரு அடங்கியது, பஸ் நிலையம் அடங்கியது.

"டாக்டரும் அந்தப் பக்கமா மடிச்சிட்டாராம்."

நான்தான் அவருக்குச் சொன்னேன். "ஐயா, விருந்துல நம்ம பக்கமா மடிப்போம். அந்தப் பக்கமா மடிக்கது கருமாதிச் சாப்பாட்டுல."

அந்த மேசை நெடுகிலும் ஆள் வராத இலை ஒன்றுதான். முனையில் இருந்த இரண்டு பேரும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத தூரத்தில் இருந்துகொண்டு, யோசிக்காமல் சாவு வீட்டு இலையை மடித்திருக்கிறார்கள். வாய்க்கு என்ன சொல்ல வேண்டும் என்று பழக்கி வைத்திருந்தார்கள், கைக்குப் பழக்கவில்லை. யார் ஜீப், யார் கொண்டுபோனது, யார் பிறகு தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்ளச் சம்மதித்தது, அதெல்லாம் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது என்பது மட்டும் அந்த நேரத்தில் தீவுக்கே தெரிந்துவிட்டது.

பாக்கியத்தாய் அழவில்லை. விசிறியை மேசை மேல் வைத்தாள்.

"பந்தி முடியல" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "இந்த இலை இன்னும் கிடக்கு. யாரும் எந்திரிக்காதீக. எங்க வச்சிருக்காகன்னு ரெண்டு பேருட்டயும் கேளுங்க."

கேள்வி கிழக்கேயும் மேற்கேயும் போனது. சைக்கிளுக்கு வேலை இல்லை, முத்துவீரனும் பந்தியில்தான் இருந்தார், வாயிலிருந்து வாய்க்கே போனது. பெரியவர் "முதல்ல அவரு சொல்லட்டும்" என்றாராம். டாக்டர் "முதல்ல அவரு சொல்லட்டும்" என்றாராம். மேசை ஒரு தடவை நெட்டி முறித்தது, இலைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின, ஆனால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. காவலுக்கு வந்த போலீஸ்காரர்களும் சாப்பிட உட்கார்ந்தவர்கள்தானே, அவர்களும் எழுந்திருக்கவில்லை. எச்சில் கை காய ஆரம்பித்தது. கை காய உட்கார்ந்திருப்பது ஆகாது என்பார்கள், அன்றைக்குத் தீவு முழுக்கக் கை காய உட்கார்ந்திருந்தது. பெரியவர் பக்கத்தில் இருந்த மீன்காரக் கிழவி, அவருக்காகக் கொடி பிடித்தவள், கோஷம் போட்டவள், காய்ந்த கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாளாம். "ஐயா, என் கை காயுது. சொல்லிருங்க" என்றாளாம். மேற்கே டாக்டரிடமும் யாரோ அப்படித்தான் கையை நீட்டியிருக்க வேண்டும்.

வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது கிழக்கிலிருந்து ஒரு பதிலும் மேற்கிலிருந்து ஒரு பதிலும் வந்தன. நெய்னா ஐயாவின் வலப்பக்கத்து ஆள் சொன்னான்: "சங்குப்பாறைக்குப் பின்னால, தாழம்புதர் ஓரமா." இடப்பக்கத்து ஆள் சொன்னான்: "சங்குப்பாறைக்குப் பின்னால, தாழம்புதர் ஓரமா."

பாக்கியத்தாய் நெய்னா ஐயாவைப் பார்த்தாள். "இத்தனை நாளு பாடுபட்டியளே ஐயா. ஒரு சொல்லாவது ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொல்லிட்டாக."

அவர் தன் டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கூத்தையன் இலையில் உட்கார்ந்தாள். சோறு விறைத்திருந்தது. பிசைந்தாள், சாப்பிட்டாள், அவசரப்படாமல், பருப்பு முடிந்து குழம்பு, குழம்பு முடிந்து ரசம் என்று தானே ஊற்றிக்கொண்டு வரிசை மாறாமல் சாப்பிட்டாள். நடுவில் நிமிர்ந்து, "நீங்களும் கை நனைக்கலையே, சாப்பிடுங்க" என்றாள். நெய்னா ஐயா அப்போதுதான் தன் இலையைத் தொட்டார். தீவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் இரண்டு பேர் மட்டும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாங்காய்ப் பச்சடியை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள், பிறகு அதையும் விழுங்கினாள்.

மறுநாள் கையெழுத்தானது, கொம்பும் மேளமும் ஒன்றுசேர்ந்து தேசிய கீதம் வாசித்தன, ஐந்து நாடுகளும் வாழ்த்துச் சொல்லின, அதெல்லாம் பேப்பரில் வந்தது. மேசை குறையவும் இல்லை, அதற்குமேல் வளரவும் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சாயங்காலத்தை.

அவள் இலையின் இந்த ஓரத்தைப் பிடித்து, தூக்கி, அந்தப் பக்கமாக மடித்தாள். உள்ளங்கையால் ஒரு தடவை அமுக்கிவிட்டாள்.

"எந்திரிங்க" என்றாள்.

தென்னந்தோப்பிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நாற்காலிகள் நகர்கிற சத்தம் ஒரு பெரிய அலை பின்வாங்குகிற மாதிரி கேட்டது. ஆனால் எழுந்தவர்கள் எழுந்த இடத்திலேயே நின்றார்கள். அவள் கையைக் கழுவிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெற்கே சங்குப்பாறை வழியில் நடந்தாள். புதைத்த இடத்துக்குப் பெண்கள் போவது எங்களில் வழக்கமில்லை, அதனால் நாங்கள் போகவில்லை. ஆண்கள் போயிருக்கலாம். கிழக்கத்தியான் மேற்கத்தியானைப் பார்த்தான், மேற்கத்தியான் தரையைப் பார்த்தான், ஒருத்தனுக்கும் கால் எழவில்லை. நெய்னா ஐயா அசலூர்க்காரர், எங்கள் வழக்கம் எதுவும் அறியாதவர். அவர் ஒருத்தர் மட்டும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனார்.